ஏழு நெடுக்கு

மைக்கை எங்கே குத்துவதென்று பேட்டி எடுக்க வந்த அந்தப் பெண்ணுக்குப் பிடிபடவில்லை, என் சேலைத் தலைப்பில் குத்துகிறாள், எடுக்கிறாள், தோளில் குத்துகிறாள், அது கழுத்துச் சங்கிலியில் உரசிச் சத்தம் வருகிறதாம், சங்கிலியை உள்ளே விட்டுக்கொள்ளச் சொல்கிறார் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற முபாரக். ஃபேனை நிறுத்தியாயிற்று. ஆடிக்காற்று வரட்டுமென்று திறந்து வைத்திருந்த ஜன்னலையும் சாத்தியாயிற்று. மாடி வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அதற்கும் முகம் சுளிக்கிறார். சத்தம் பிடிக்காத மனுஷன். சத்தம் பிடிக்காத. சத், தம்பி, டிக்காத. நடுவில் தம்பி உட்கார்ந்திருக்கிறான். சத்தம் பிடிக்காதவருக்குள் இளையவன், அடைப்புக்குறிக்குள் மூன்று. முப்பது வருஷமாகக் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுப் போட்டு இது எனக்கு ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது, யார் எதைச் சொன்னாலும் அதை வெட்டிப் பார்த்து உள்ளே வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது. இன்றைக்கு மட்டும் தம்பி வர வேண்டாம் என்று சொல்லிக்கொண்டுதான் காலையில் குளித்தேன். பிஸ்கட் டின்னைக்கூட அலமாரியில் போர்வைக்கு அடியில் தள்ளி வைத்தேன், கேமராக்காரர்கள் கண்ணில் பட்டால் இது என்ன மேடம் என்று கேட்பார்கள், அதற்குள் இருப்பதெல்லாம் போஸ்ட் கார்டு, எல்லாம் ஒரே கையெழுத்து. நான் ஏற்பாடு செய்யாத வழியில், கேமராக்காரர் காதுக்குள்ளிருந்தே வந்துவிட்டான். அவனுக்கு எப்போதும் இப்படித்தான், வாசல் வழி வரத் தெரியாது.

ஜெனிபர் என்பது அந்தப் பெண்ணின் பெயர். இருபத்தைந்து இருக்கலாம், யூடியூப் சேனல், ‘மறைந்திருக்கும் மனிதர்கள்’ என்று ஒரு தொடராம், போன வாரம் பாம்பு பிடிக்கிறவர், இந்த வாரம் நான். நல்ல பெண்தான், வந்ததும் காலைத் தொட்டுக் கும்பிடப் போய் நான் தடுக்க வேண்டியிருந்தது. மேடம் தமிழில் பெரிய ஆள், இங்கிலீஷ் கலக்காதீங்க என்று முபாரக்கிடம் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறாள் போல, அவர் பாவம் ‘ஒன்ஸ் மோர்’ என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு ‘மறுபடி மேடம்’ என்கிறார். முதல் தடவை அவர் அப்படிச் சொன்னபோது நான் அலமாரிப் பக்கம் பார்த்துவிட்டேன். எத்தனையோ வார்த்தை இருக்கிறது. இன்னொரு தரம் என்று சொல்லலாம், திரும்ப என்று சொல்லலாம். அவருக்கு என்ன தெரியும். ஒற்றை என்று எதற்காகப் புனைபெயர் வைத்தீங்க மேடம் என்று கேட்கிறாள் ஜெனிபர், ஒற்று என்பதை ஒற்றை என்று படித்துவிட்டு வந்திருக்கிறாள், தனியாக இருக்கிற பொம்பளை ஒற்றை என்று வைத்துக்கொண்டதாக நினைத்து முகத்தை வேறு அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லம்மா, ஒற்று, புள்ளி வைத்த எழுத்து, உளவு பார்ப்பதற்கும் ஒற்று என்றுதான் பேர், ஒரே சொல்லுக்கு இரண்டு முகம், புதிர் போடுகிறவளுக்குப் பொருத்தம்தானே என்கிறேன். சூப்பர் மேடம் என்கிறாள். அந்தப் பேரை எடுத்துக் கொடுத்தது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காதவரை எனக்கு நிம்மதி. நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்ததையும், கட்டம் போட்ட தாளும் கூரிய பென்சிலும் கையிலேயே இருந்ததால் ஒரு மதிய நேரம் விளையாட்டாக ஆரம்பித்ததையும் சொல்கிறேன். கேட்கக் கூடாத கேள்வி ஒன்றுதான். என் புதிர்களில் வந்த பிழையைப் பற்றிக் கேட்கக் கூடாது. நேற்றுப் போனில் என்னவெல்லாம் கேட்பீங்க என்று விசாரித்ததற்கு எல்லாம் ஜாலியாத்தான் மேடம் என்றாள், ஜாலியான கேள்விகளில் பிழை வராது என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டேன்.

ஒரு குறிப்பு எப்படிப் போடுவீங்க, நேயர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்க என்கிறாள். ஆகாயமும் அராவும் கருவியும் சேர்ந்தால் குரங்கு, நான்கெழுத்து. ஆகாயம் வான், அராவுகிற கருவி அரம், சேர்த்தால் வானரம். ஓ என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறார்கள், அந்த ஓ எனக்குப் பிடிக்கும், அந்த ஓவுக்காகத்தான் இத்தனை வருஷமும். மேலே ஒன்று சொல்ல வேண்டும், உள்ளே இன்னொன்று இருக்க வேண்டும், ஆனால் ஏமாற்றக் கூடாது. “பொய் சொல்லு அக்கா, ஆனா நியாயமாச் சொல்லு” என்பான் வைத்தி. வைத்தியலிங்கம், எனக்கு மூன்று வயது இளையவன், வடக்கு ஆண்டார் வீதியில் ஓர் அச்சகத்தில் நாற்பது வருஷம் பிழை திருத்துகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் உறையூருக்கு வருவான், சிவப்புப் பேனா சட்டைப்பையில் இருக்கும், நான் போட்ட புதிரைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் இந்த மேஜையில்தான், இப்போது முபாரக் விளக்கை வைத்திருக்கிற இதே இடத்தில்தான் உட்கார்ந்து பார்ப்பான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்தெழுத்தாக, வாயால் மென்று மென்று படிப்பான். வேகமாகப் படிக்கிறவனுக்குப் பிழை தெரியாது என்பான். இன்னொன்றும் சொல்வான். தெரிந்த பேரைத் திருத்துவதுதான் கஷ்டம் அக்கா, தெரியாத பேர் என்றால் கண்ணு படிக்கும், தெரிந்த பேரைக் கண்ணு படிக்காது, மனசே படித்துவிடும், இல்லாத எழுத்தைக்கூட இருக்கிற மாதிரி படித்துவிடும். அப்போது அதை நான் ஒரு தொழில் ரகசியமாக மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன். ஒரு குறிப்பு மோசமாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டான், காபி ஆறிப்போச்சு என்பான், அதற்கு அர்த்தம் அதை மாற்று என்பது. அவன் போன பிறகு நான் மாற்றுவேன். மேடம், கேமராவைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க என்கிறாள் ஜெனிபர். நான் கேமராவைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் மகள் கோதையின் கல்யாணப் பத்திரிகை வந்து பத்து வருஷமாகிறது. அவனுடைய அச்சகத்திலேயே அடித்தது, மஞ்சள் தடவி அவனே கொண்டு வந்து கொடுத்தான், நான் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டி வாசித்தேன். தங்கள் வரவை எதிர்நோக்கும் என்று போட்டுக் கீழே இரண்டு பத்தியாகப் பெயர்கள். தாய்மாமன்மார், சித்தப்பாமார், சம்பந்தியின் ஒன்றுவிட்ட மச்சான் ஒருவர், மலேசியாவில் இருக்கிற யாரோ. கோதைக்கு அத்தை என்று உலகத்தில் ஒருத்திதான், அந்தப் பேர் இல்லை. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், கவரைக்கூடத் திருப்பிப் பார்த்தேன். என் பேர் எங்கடா என்று கேட்டேன். வாங்கிப் பார்த்தான். முகம் வெளுத்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது, அன்றைக்கு அதையும் நான் நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன். “விட்டுப்போச்சு அக்கா,” என்றான். “ஒரு புள்ளி விட்டுப்போனா உனக்குத் தெரியும். நான் விட்டுப்போனது தெரியலையாடா?” என்றேன். கண்ணு படிக்கல அக்கா, மனசு படிச்சுடுச்சு என்று அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலில் வருகிற சிரிப்பு. வார்த்தையை வைத்து வித்தை காட்டுவது எனக்குத் தெரியாததா. தாலியறுத்தவள் பேர் மங்கலப் பத்திரிகையில் எதற்கு என்று சம்பந்தி வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள், இவன் தலையாட்டியிருப்பான், இப்போது விட்டுப்போச்சு என்கிறான், அப்படித்தான் நான் முடிவு கட்டினேன், முடிவு கட்டின பிறகு அதற்கு ஏற்ற மாதிரி எல்லாம் பொருந்தி வந்தது, புதிரில் ஒரு தப்பான விடையை எழுதிவிட்டால் அதைச் சுற்றி நாலைந்து எழுத்து பொருந்தத்தான் செய்யும். பத்து நாள் கழித்துத் தபாலில் இன்னொரு பத்திரிகை வந்தது. மீதியிருந்த எல்லாவற்றிலும், நானூறோ ஐந்நூறோ, என் பேரை மட்டும் தனியாகச் சின்னத் துண்டில் அச்சடித்து ஒவ்வொன்றாக ஒட்டியிருக்கிறான், பிழை திருத்தம் ஒட்டுகிற மாதிரி. கனகாம்புஜம், அத்தை. பசை காய்ந்து ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நான் என்ன ஒட்டா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. மணவறையில் அத்தை செய்ய வேண்டியதை யார் செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் வரவில்லை. யாரும் பார்க்காமல் நானே அனுப்பிய முதல் புதிரில் சுவற்றில் என்று ஒரு விடை வந்துவிட்டது, ஐந்தெழுத்து, சுவரில் என்றால் நான்குதான், கட்டம் ஒன்று மிஞ்சியதைக்கூடக் கவனிக்காமல் போட்டிருக்கிறேன். புதிர் அச்சான பத்திரிகை வெளிவந்த நாலாம் நாள் ஒரு கார்டு. ஒற்று என்று மேலே எழுதி என் வீட்டு விலாசம், அனுப்புநர் பேர் இல்லை, சிவப்பு மை. “11 குறுக்கு. சுவரில். வற்றுவது குளம், சுவர் அல்ல.” அவ்வளவுதான். நலமா இல்லை, அக்கா இல்லை. அந்தக் கார்டைப் படித்துவிட்டு நான் சமையலறையில் நின்றுகொண்டே அழுதேன், அழுது முடித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த மாதம் முந்நூறு வர வேண்டிய இடத்தில் முன்னூறு என்று போட்டேன். தெரிந்தே. நாலாம் நாள் கார்டு வந்துவிட்டது. அதற்கடுத்த மாதம் எண்ணை. இயக்குனர். கோர்வை. மாதம் ஒரு பிழை, மாதம் ஒரு கார்டு. பேச வேண்டுமென்றால் பேசலாம், இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம். அவன் முதலில் அக்கா என்று கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன், அவன் என்ன நினைத்து இருந்தானோ. நான் ஒரு கார்டுக்கும் பதில் எழுதவில்லை, அடுத்த பிழைதான் பதில். நம்பி வாங்கும் மற்ற வாசகர்களும் இருக்கத்தான் செய்தார்கள், ஒற்று அம்மாவுக்குத் தமிழ் மறந்துபோச்சா என்று பத்திரிகைக்குக் கடிதம் போனது, ஆசிரியர் போனில் தயங்கித் தயங்கி வயசாகுதுன்னு பேசிக்கிறாங்க மேடம் என்றார். பேசட்டும். எட்டு வருஷம் அந்த அவமானத்தை ஒரு மூக்குத்தி மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தேன். ஒன்றுதான் தெரியாது, அதுதான் இப்போதும் என்னை அரிக்கிறது. பிழையெல்லாம் நான் அவனுக்காகவே வைத்தது என்று வைத்திக்குத் தெரியுமா? தெரியாமலே, அக்காவுக்குப் புத்தி மங்கிவிட்டதே என்ற இரக்கத்தில் திருத்திக்கொண்டிருந்தானா?

மறுபடி மேடம், லைட் கொஞ்சம் மாத்திக்கிறேன் என்கிறார் முபாரக். கடைசிக் கார்டில் இருந்த வார்த்தை அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி. எனக்கு வலது கண்ணில் ஆபரேஷன், பச்சைத் துணி கட்டி ஒரு மாதம் எதையும் படிக்கக் கூடாது என்றிருந்தார்கள், முன்னமே அந்த மாதப் புதிரை அவசரம் அவசரமாக முடித்து அனுப்பியிருந்தேன். கார்டு வந்ததும் பொறுக்கவில்லை, ஒற்றைக் கண்ணால் படித்தேன். “7 நெடுக்கு. மறுபடி. று அல்ல, ரு.” எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. எனக்குப் புரியவில்லை. மறுபடியில் வல்லின று என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். நான் வைத்த பிழை வேறு எங்கேயோ இருக்க, அதை விட்டுவிட்டு ஒரு சரியான சொல்லைப் பிடித்துத் திருத்துகிறானே, கை வேறு நடுங்கியிருக்கிறது, வயசாகிவிட்டது, நாற்பது வருஷப் பெருமை எல்லாம் இவ்வளவுதானா என்று ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது எனக்கு, அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. மேஜை டிராயரில் எழுதாத கார்டு ஒன்று இருந்தது. எட்டு வருஷத்தில் நான் அவனுக்கு எழுதிய ஒரே பதில். “பிழை உன்னுடையது. அகராதி பார்.” பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன், போட்டுவிட்டாயா என்று சாயங்காலம் கேட்கவும் கேட்டேன். கார்த்திகையில் பிழை வைத்தேன், கார்டு வரவில்லை. மார்கழியில் இரண்டெழுத்து தள்ளிப் பெரிய பிழையாகவே வைத்தேன், வரவில்லை. கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன், கோபித்துக்கொள்ளட்டும், நான் எத்தனை வருஷம் கோபித்திருக்கிறேன். தை பிறந்து எட்டாம் நாள் கோதை போன் செய்தாள், அத்தை, அப்பா என்றாள்.

வைத்தியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஆள் பாதியாக இருந்தான். ஐப்பசி தொடக்கத்திலிருந்தே ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்திருக்கிறார்கள், சிறுநீரகம், எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்று அவனே தடுத்தானாம். அவன் மனைவி சௌந்தரம் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அழுகைக்கு நடுவில், யாரிடமோ வீட்டு விஷயம் சொல்கிற மாதிரி சொன்னாள். “உங்க கார்டு வந்துச்சு அண்ணி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். படிச்சுட்டு அகராதியை எடுத்தாரச் சொன்னாரு. கடைசி வரைக்கும் தலைமாட்டுலதான் இருந்துச்சு. பிரிக்கவே இல்ல.” பார்த்தாயா, அவனுக்கே சந்தேகம் வந்திருக்கிறது என்று பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நான் நினைத்தேன். தம்பி உள்ளே கிடக்கிறான், எனக்கு று சரியா ரு சரியா என்று ஜெயித்துக்கொள்ளத் தோன்றியிருக்கிறது. மனுஷ மனசைப் போல அசிங்கம் வேறு இல்லை. அந்த மாதத்திலிருந்து புதிரில் பிழை வைப்பதை விட்டுவிட்டேன். யாருக்காக வைப்பது. இப்போது ஒவ்வொரு புதிரையும் நானே மூன்று தடவை, வாயால் மென்று மென்று, எழுத்தெழுத்தாகப் பார்த்துத்தான் அனுப்புகிறேன், ஆசிரியர் போன் செய்து பாராட்டுகிறார்.

நேயர் ஒருத்தர் ஒரு பெரிய வேலை பண்ணிருக்கார் மேடம், உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும் என்று சொல்லிக்கொண்டே ஜெனிபர் பையிலிருந்து இரண்டு தாளை எடுக்கிறாள். கும்பகோணத்தில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், ஒற்றுவின் தீவிர ரசிகராம், பத்து வருஷப் புதிர்களையும் வைத்துக்கொண்டு எந்த மாதத்தில் என்ன பிழை என்று அட்டவணை போட்டிருக்கிறார். வந்துவிட்டது. கேட்கவே கூடாத கேள்வி இரண்டு தாளில் டைப் அடித்துக்கொண்டு வந்துவிட்டது. ஃபேனைப் போடச் சொல்லலாமா, போடச் சொன்னால் மைக் எடுக்காது என்பார்கள். பாருங்க மேடம், எப்பவும் மாசத்துக்கு ஒண்ணே ஒண்ணு, கரெக்டா ஒண்ணு, இவரு கண்டுபிடிச்சிருக்கார், அப்புறம் போன வருஷம் பிப்ரவரியிலேர்ந்து சுத்தமா நின்னுடுச்சு என்று வாசித்துக்கொண்டே போகிறாள். சுவற்றில். முன்னூறு. எண்ணை. ஒவ்வொன்றுக்கும் உள்ளே டின்னில் ஒரு கார்டு இருக்கிறது, அவள் படிக்கப் படிக்க எனக்குச் சிவப்பு மை தெரிகிறது. அப்புறம் அவள் விரலை ஓர் இடத்தில் வைக்கிறாள். “இந்த ஒரு மாசம் மட்டும் ஒண்ணுமே இல்ல மேடம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, அக்டோபர். நாலு தடவை சரி பாத்தாராம், பிழையே இல்லைன்னு கீழ எழுதிருக்கார்.” இருக்கும்மா, சரியாப் பார்க்கச் சொல்லு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மாதம் என்ன பிழை வைத்தேன்? யோசித்துப் பார்க்கிறேன், மற்ற எல்லா மாதமும் ஞாபகம் இருக்கிறது, இது இல்லை. கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு, நாளைக்குக் காலை ஆபரேஷன், உறைக்குள் போட்டு ஒட்டினேன். வைக்கவில்லை. மறந்திருக்கிறேன். வைக்காமல் ஒரு மாதமும் இருந்ததில்லை என்பதால் வைத்ததாகவே எண்ணிக்கொண்டேன், மனசே படித்துவிட்டது. அப்படியென்றால் வைத்தி கையில் வந்தது ஒரு பிழையும் இல்லாத புதிர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மேல் குறுக்கிலிருந்து கீழ் நெடுக்கு வரைக்கும், அவன் பழக்கப்படி மென்று மென்று தேடியிருப்பான். கும்பகோணத்துக்காரர் நாலு தடவை தேடியிருக்கிறார், அவன் எத்தனை தடவை தேடினானோ. அக்கா இந்த மாதம் வைக்கவில்லையே, இனிமேல் வேண்டாம் என்று நினைத்துவிட்டாளோ, எழுத ஒன்றும் இல்லாமல் என்ன சாக்கு வைத்துக்கொண்டு கார்டு போடுவது என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பான். பிழை இல்லாததால் ஒன்றை அவனே செய்தான். நாற்பது வருஷம் மற்றவர்கள் பிழையைத் திருத்தினவன், அந்தக் கையால், சிவப்பு மையில், று அல்ல ரு என்று எழுதுவதற்கு அவனுக்கு எப்படி மனசு வந்தது. அகராதியைக் கேட்டு வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டான், பிரிக்கவில்லை, பிரிக்க அவனுக்கு என்ன இருக்கிறது, அக்கா பார் என்றாள், அதனால் பக்கத்தில் வைத்துக்கொண்டான். தெரிந்திருக்கிறது. எட்டு வருஷமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த ஏழு நெடுக்குக் குறிப்பு நான் போட்டதுதான். களங்கத்தை வாசி, இன்னொரு முறை, நான்கெழுத்து. மறு என்றால் களங்கம், வாசி என்றால் படி, சேர்த்தால் மறுபடி. மேலே ஒன்று, உள்ளே ஒன்று. முப்பது சொல் இருந்த கட்டத்தில் அதைத்தான் எடுத்து எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறான், பொய்தான் சொன்னான், ஆனால் நியாயமாகச் சொன்னான். எத்தனை பேருக்குப் புதிர் போட்டவள் நான், எனக்கென்று ஒருத்தன் போட்ட ஒரே புதிரை அவிழ்க்கத் தெரியாமல் அகராதி பார் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் என் பேர் நிஜமாகவே விட்டுப்போயிருந்தது. அதை வேண்டுமென்றே செய்தான் என்றேன். கார்டில் வேண்டுமென்றே செய்திருந்தான். அதைப் பிழை என்றேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டு அக்கா என்று உட்கார்ந்திருக்கிறேன். வைத்தி, நீ அந்தக் கார்டைப் படித்தபோது உன் முகம் எப்படி இருந்தது? சௌந்தரத்தைக் கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாளே என்றுதான் பயமாக இருக்கிறது.

மேடம், தண்ணி வேணுமா என்கிறாள் ஜெனிபர். வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். தாளை மடித்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, சேனலுக்கான குரலில் கேட்கிறாள், இந்த ஒன்றரை வருஷமாக ஒரு பிழைகூட இல்லை, அதற்கு என்ன ரகசியம். கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்ல, இப்ப நல்லாத் தெரியுது என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், ஜாலியாக முடிந்தது. அப்போது வீட்டுக்கு மேலே பகல் நேரத்துச் சிங்கப்பூர் விமானம் தாழப் பறந்து போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முபாரக் காதிலிருந்த கருவியைக் கழற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார். “ஃப்ளைட் சத்தம் ஏறிடுச்சு மேடம். அந்தப் பதிலை மட்டும் மறுபடி.”

விமானச் சத்தம் முழுதாக அடங்கும்வரை காத்திருந்தோம். அப்புறம் நான் ஜெனிபரைப் பார்த்து, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரி கேமராவைப் பார்க்காமல் சொன்னேன். “பிழையெல்லாம் தெரிஞ்சேதான் வச்சேன். திருத்துறதுக்கு ஒருத்தன் இருந்தான், என் தம்பி. இப்ப அவன் இல்ல. அதான் பிழையும் இல்ல.” அவ்வளவுதான் சொல்ல முடிந்தது, இரண்டு வரி, கார்டில் அடங்கிவிடும். ஜெனிபர் அடுத்த கேள்வியைத் தாளில் தேடினாள், அப்புறம் தாளைக் கீழே வைத்துவிட்டாள். முபாரக் போய் ஃபேனைப் போட்டார். கிளிப்பைக் கழற்றும்போது அவள் மெதுவாகக் கேட்டாள், தம்பி பேரு என்ன மேடம், நீங்க பேசும்போது கீழ போடணும். சொன்னேன். போனில் தட்டிவிட்டுச் சரியா இருக்கா பாருங்க என்று நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழகின பேரென்று மனசு முந்திக்கொள்ளாதபடி, வை, த், தி, ய என்று ஒவ்வோர் எழுத்தாக, புள்ளி புள்ளியாகக் கண்ணால் படித்தேன். ஒரு பிழையும் இல்லை. சரியாத்தான் இருக்கு என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன், அவள் வாங்கப் போகும்போது விடாமல் பிடித்துக்கொண்டேன்.

“விட்டுப்போயிடும்மா,” என்றேன். “தெரிஞ்ச பேருதான் விட்டுப்போகும். பாத்துக்க.”